தம்பியின் போத்தலும் அக்காவின் குளிசையும்: சத்து மருந்து யாருக்குப் பலம் தரும்?

சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது லுணுகலைப் பகுதி இளைஞர்களிடையே ஒரு புதுச் சுறுசுறுப்புத் தோன்றுவதை நாம் அறிவோம். விளையாட்டு விழாவில் மரதன் ஓட்டம், கயிறிழுத்தல், வழுக்கு மரம் என்பவற்றோடு சைக்கிள் ஓட்டமும் இடம்பெறும். காலைப் பனி விலகு முன்னரே இளைஞர்கள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்துவிடுவார்கள். பிபிலைப் பக்கம் இறங்குவது எளிது. திரும்பி ஏறும்போதுதான் நெஞ்சு அடைக்கும், தொடை எரியும். அந்த ஏற்றத்தில்தான், "உடம்புக்கு ஏதாவது பலம் ஏற்றினால் நல்லது" என்ற எண்ணமும் பிறக்கிறது.

இக்காலத்து லயக் காம்பிரா ஒன்றை மனக்கண்முன் கொண்டுவருவோம். தம்பி பந்தயத்துக்குத் தயாராகிறான். பல நாள் உழைத்த காசில் பாமசியில் ஒரு விற்றமின் போத்தல் வாங்கி வந்து இராக்கையில் வைத்திருக்கிறான். ஒவ்வொரு காலையும் ஒரு குளிசையை மறவாமல் விழுங்குகிறான். அதே இராக்கையில், பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள், அக்காவின் இரும்புச்சத்துக் குளிசைகள் கிடக்கின்றன. கைக்குழந்தைக்காரியான அக்கா காலையில் மலைக்குப் போகிறாள், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறாள். வந்ததும் விறகு, தண்ணீர், அடுப்பு. கிளினிக்கில் அவளுக்கு இலவசமாகக் கொடுத்த குளிசைகள் அவை. "குமட்டுகிறது, வயிறு கட்டுகிறது" என்று நாலைந்து நாட்களில் நிறுத்திவிட்டாள். அவள் ஏன் படியேறும்போது மூச்சு வாங்குகிறாள் என்று வீட்டில் எவரும் கேட்டதில்லை. மலைக்குப் போகிறவளுக்குக் களைப்பு இருக்கத்தானே செய்யும் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

ஒரே இராக்கையில் இரண்டு சத்து மருந்துகள். இவற்றில் எது உண்மையில் உடலுக்கும் உள்ளத்துக்கும் பலம் தரும்? இக்கேள்விக்கு உலகெங்கும் பல ஆய்வுகள் விடை தேடியுள்ளன. அவற்றுள் மிக முக்கியமான ஒன்று நமது நாட்டின் தேயிலைத் தோட்டத்திலேயே நடந்தது. இப்பாடத்தில் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விற்றமின் என்றால் என்ன?

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாத் தீவில் பணியாற்றிய ஒல்லாந்து மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன், தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் செயலிழந்து விழுவதைக் கண்டார். தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்தபோது அவை தேறின. மனிதரைத் தாக்கும் பெரிபெரி நோயின் காரணம் இவ்வாறே மெல்ல மெல்லத் துலங்கியது. தவிட்டில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஏதோ ஒன்று உயிருக்கு அவசியம் என்பது புலனாயிற்று. அத்தகைய பொருள்களுக்கு 1912ஆம் ஆண்டில் காசிமிர் ஃபங்க் என்பவர் இட்ட பெயரிலிருந்தே விற்றமின் என்ற சொல் வந்தது.

இங்கே ஒன்றை நன்கு மனதிற் கொள்ள வேண்டும். விற்றமின் உணவல்ல. அதில் சக்தி இல்லை. சைக்கிளை மிதிப்பதற்கு வேண்டிய சக்தி சோறு, ரொட்டி, கிழங்கு, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றிலிருந்தே வருகிறது. அந்த உணவை உடல் சக்தியாக மாற்றும் வேலைக்கு விற்றமின்களும் இரும்பு போன்ற கனியுப்புகளும் உதவி செய்கின்றன.

சைக்கிள் செயினுக்கு இடும் எண்ணெயை இதற்கு உவமையாகச் சொல்லலாம். செயின் காய்ந்து துருப்பிடித்திருந்தால் நாலு சொட்டு எண்ணெய் விட்டதும் சைக்கிள் இலேசாக ஓடும். ஏற்கனவே எண்ணெய் உள்ள செயினில் ஒரு போத்தல் எண்ணெயை ஊற்றினால் வேகம் கூடுமா? கூடாது. எண்ணெய் வழிந்து தூசிதான் ஒட்டும். சத்துக் குளிசையின் கதையும் இதுவே.

நன்றாகச் சாப்பிடுபவருக்குக் குளிசை வேகம் தருமா?

அவுஸ்திரேலிய விளையாட்டு நிறுவகத்தில் பயிற்சி பெற்ற 82 வீரர், வீராங்கனைகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 1992இல் வெளியானது. ஒரு சாராருக்கு விற்றமின்களும் கனியுப்புகளும் அடங்கிய குளிசைகள் கொடுக்கப்பட்டன. மற்றச் சாராருக்குப் பார்வைக்கு அதேபோன்ற, ஆனால் சத்தெதுவும் இல்லாத போலிக் குளிசைகள். யாருக்கு எது என்பது வீரர்களுக்குத் தெரியாது. ஏழெட்டு மாதங்கள் இது தொடர்ந்தது. அவர்களுடைய அன்றாட உணவிலேயே போதிய விற்றமின்கள் இருந்தன. முடிவு என்ன? ஓரிரு சிறு வேறுபாடுகளைத் தவிர, விளையாட்டுத் திறனில் குளிசையால் முன்னேற்றம் எதுவும் ஏற்படவில்லை.

போலிக் குளிசை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். "பலத்துக்கு மருந்து சாப்பிடுகிறேன்" என்ற நம்பிக்கையே ஒருவரை உற்சாகமாக மிதிக்க வைக்கும். அந்த உற்சாகத்தை மருந்தின் பலம் என்று நாம் தவறாக எண்ணிவிடலாம். இரு சாராரும் ஒரே நம்பிக்கையுடன் குளிசை விழுங்கும்போதுதான் மருந்தின் உண்மையான வேலை தெரியவரும். "நான் குடித்தேன், எனக்குப் பலம் வந்தது" என்று நண்பர் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அளவுக்கு மிஞ்சினால் தீமையும் உண்டு. 2009ஆம் ஆண்டு ஜேர்மனியில் நடந்த ஆய்வொன்றில் இளைஞர்கள் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் விற்றமின் சீயும் 400 அலகு விற்றமின் ஈயும் எடுத்தார்கள். பயிற்சி செய்தவரின் உடலில் இன்சுலின் முன்னரிலும் நன்றாக வேலை செய்வது பயிற்சியின் நற்பயன்களில் ஒன்று. அந்த நற்பயன் குளிசை எடுக்காதவர்களிடமே காணப்பட்டது. உழைப்பினால் தசைக்குள் உண்டாகும் சிறு அழுத்தமே "இன்னும் பலமடை" என்று உடலுக்குச் சொல்லும் செய்தி. பெருமளவு விற்றமின் அச்செய்தியை மழுங்கடித்துவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

விற்றமின் பீ வகைகளில் பெரும்பாலானவற்றையும் விற்றமின் சீயையும் உடல் பெருமளவில் சேமித்து வைப்பதில்லை. மிஞ்சியவற்றில் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். குளிசை எடுத்த அன்று சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவதைக் கண்டிருப்பீர்கள். மிஞ்சிய விற்றமின் பீ-2 வெளியேறும் நிறம் அது. தம்பி கொடுத்த காசின் நிறமும் அதுதான். விற்றமின் ஏ, டீ போன்றவையோ உடலில் தேங்கும். அளவு மீறினால் அவை நஞ்சாகும்.

இந்த இடத்தில் ஊவா மண்ணில் பிறந்த பேராசிரியர் சேனக்க பிபிலையை நினைவுகூர்வது பொருத்தமானது. 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். கவர்ச்சியான வணிகப் பெயர்களுக்குப் பின்னால் ஓடாமல், மருந்தை அதன் உண்மைப் பெயரால் அறிந்து, தேவையானதை மட்டும் நியாய விலைக்கு வாங்கி மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அவருடைய கொள்கை. 1977இல் அவர் மறைந்தார். ஆயினும், "இந்த மருந்து எனக்குத் தேவைதானா? இதற்குள் இருப்பது என்ன? இந்த விலை நியாயமா?" என்ற மூன்று கேள்விகளைப் பாமசிப் படியேறும் ஒவ்வொருவரும் இன்றும் கேட்கலாம்.

குறை உள்ளபோது நடப்பது என்ன?

மறுபக்கத்தையும் பார்ப்போம். 1988ஆம் ஆண்டில் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில் ஆரோக்கியமான ஆண்களுக்கு எட்டு வாரங்கள் விற்றமின் பீ-1, பீ-2, பீ-6, சீ ஆகியவை குறைந்த உணவு கொடுக்கப்பட்டது. நோய் என்று சொல்லும்படி எதுவும் அவர்களிடம் தோன்றவில்லை. எனினும், கடும் உழைப்பின்போது ஒட்சிசனைப் பயன்படுத்தும் அவர்களின் திறன் ஏறத்தாழ 10 வீதம் குறைந்துவிட்டது.

வெள்ளை மா ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாயத் தேநீருமே மூன்று வேளையும் என்றிருக்கும் வீட்டில் இக்குறை வரக்கூடும். அங்கே தேவை போத்தல் அல்ல. பருப்பு, கீரை, முட்டை, நெத்தலி, தவிடு முற்றாக நீக்காத அரிசி என்று உணவு விரிய வேண்டும்.

ஆனால் நமது தோட்டங்களில் உழைப்பை மிக அதிகமாக உறிஞ்சுவது விற்றமின் குறைவைக் காட்டிலும் இரும்புச்சத்துக் குறைவுதான். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது ஈமோகுளோபின். நுரையீரலிலிருந்து ஒட்சிசனை ஏற்றிச் சென்று தசைக்கும் மூளைக்கும் இறக்குவது அதன் வேலை. அதை ஆக்குவதற்கு இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால் ஈமோகுளோபின் குறையும். கர்ப்பமில்லாத பெண்ணின் இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணியிடம் 11 கிராமுக்கும், ஆணிடம் 13 கிராமுக்கும் குறைவாக இருந்தால் அது இரத்தச் சோகை என்று உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாக அளவு வகுத்துள்ளது.

லொறி குறைந்தால் சுமை எப்படிப் போகும்? இருக்கிற லொறி இரண்டு மூன்று தடவை ஓட வேண்டும். அதுபோல, இரத்தச் சோகை உள்ளவரின் இதயம் அதே வேலைக்கு அதிக தடவை துடிக்க வேண்டியிருக்கிறது. படியேறும் அக்காவுக்கு மூச்சு வாங்குவதும் நெஞ்சு படபடப்பதும் இதனாலாக இருக்கலாம். அதைச் சோம்பல் என்று சொல்வது பெரும் அநீதி.

நமது நாட்டுத் தோட்டத்தில் நடந்த ஆய்வு

1970களில் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பெண்களிடம் ஓர் ஆய்வுக் குழு வேலை செய்தது. முதலில், நகரும் பட்டியின் மேல் அவர்களை நடக்க வைத்து உழைப்புத் திறனை அளந்தார்கள். ஈமோகுளோபின் குறையக் குறைய, தாங்கக்கூடிய வேலையின் அளவும் குறைவது தெரிந்தது. இது 1977இல் வெளியானது.

அடுத்த கேள்வி மலையிலேயே கேட்கப்பட்டது. எட்ஜர்டன், கார்ட்னர், ஒஹிரா, குணவர்தன, செனவிரத்ன ஆகிய ஐவரும் சேர்ந்து 1979இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அதன் விடையை வெளியிட்டார்கள். கொழுந்தெடுக்கும் பெண்களில் ஒரு சாராருக்கு இரும்புச்சத்தும் மற்றச் சாராருக்குப் போலி மருந்தும் கொடுத்து, நாளாந்தம் அவர்கள் பறித்த கொழுந்தின் நிறையைக் குறித்து வந்தார்கள். ஒரு மாதத்தில், இரும்புச்சத்தினால் ஈமோகுளோபின் உயர்ந்த பெண்கள் மற்றவர்களைவிடக் கூடுதலான கொழுந்து எடுத்தார்கள். ஈமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே இருந்த, மிகவும் சோகையுற்ற பெண்களிடமே முன்னேற்றம் அதிகமாகக் காணப்பட்டது.

வாசகர்களே, இங்கே சற்று நின்று யோசிப்போம். பறிக்க வேண்டிய கிலோவுக்குக் குறைந்தால் அரைப் பேர் விழும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அரைப் பேர் விழுந்த எத்தனை பெண்கள் "கை ஓடாதவள்" என்று ஏச்சு வாங்கியிருப்பார்கள்! கையில் குறை இருக்கவில்லை, இரத்தத்தில்தான் குறை இருந்தது என்று அன்று சொல்ல ஆளிருக்கவில்லை.

இவ்வாய்வில் இன்னொரு பகுதியும் உண்டு. நமக்கு அதுவே மிக முக்கியமானது. வேலை நேரத்தில் மட்டுமன்றி, அப்பெண்களின் அன்றாட நடமாட்டத்தையும் நாலு மணித்தியாலமாகவும், சிலரிடம் 24 மணித்தியாலமாகவும் தொடர்ந்து பதிவு செய்தார்கள். இரும்புச்சத்துப் பெற்றவர்களின் நடமாட்டம் மூன்று வாரங்களிலேயே மற்றவர்களைவிட அதிகமாயிற்று. அதாவது, வந்த பலம் கொழுந்துக் கூடைக்குள் மட்டும் போகவில்லை. அவர்களுடைய வாழ்க்கைக்குள்ளும் போயிற்று.

ஒரு தாயின் ஆரோக்கியத்தைக் கிலோவில் மட்டும் அளப்பது தவறு. தோட்டத்துக்கு இலாபம் கூடும் என்பதற்காக அவள் குளிசை எடுக்க வேண்டியதில்லை. பிள்ளையைத் தூக்கி விளையாடவும், மாதர் சங்கக் கூட்டத்தில் விழித்திருந்து பேசவும், தன் வாழ்நாளை அனுபவிக்கவும் அவளுக்குப் பலம் வேண்டும். அது அவளுடைய உரிமை.

சைக்கிள் மிதித்த பெண்கள்

இரத்தச் சோகை இன்னும் வராத, ஆனால் உடலின் இரும்புச் சேமிப்பு வற்றிப்போன நிலையும் ஒன்று உண்டு. சேமிப்புப் புத்தகத்தில் பணம் தீர்ந்துவிட்டது, கையில் மட்டும் செலவுக்குக் கொஞ்சம் இருக்கிறது என்பது போன்ற நிலை. அமெரிக்காவில் இந்நிலையிலிருந்த 42 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. அவர்கள் பந்தய வீராங்கனைகள் அல்லர், பயிற்சி பெறாத சாதாரணப் பெண்கள். ஆறு வாரங்கள் சிலருக்கு இரும்புச்சத்தும் சிலருக்குப் போலி மருந்தும் கொடுக்கப்பட்டன. கடைசி நான்கு வாரங்களில் எல்லோரும் பயிற்சி செய்தார்கள். முன்னும் பின்னும், நிலைத்து நிற்கும் சைக்கிளில் 15 கிலோமீற்றர் தூரத்தை எவ்வளவு விரைவில் முடிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பயிற்சியின் பலன் இரும்புச்சத்துப் பெற்றவர்களிடமே கூடுதலாக இருந்தது.

தம்பியின் சைக்கிளும் அக்காவின் குளிசையும் இங்கே ஒன்றாகச் சந்திக்கின்றன. குறை இருந்த இடத்தில் மருந்து வேலை செய்தது. அவுஸ்திரேலியாவில் குறை இருக்கவில்லை, மருந்துக்கு வேலையும் இருக்கவில்லை.

உள்ளத்தின் உழைப்பு

உடல் மட்டுமா உழைக்கிறது? மூளையும் ஒட்சிசனைக் கொண்டே இயங்குகிறது. மூளையின் நரம்புகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் இரசாயனப் பொருள்களை ஆக்குவதற்கும் இரும்பு வேண்டும். 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் 18 முதல் 35 வயது வரையான பெண்களிடம் நடந்த ஆய்வில், இரும்புக் குறைவுள்ளவர்கள் கவனம், ஞாபகம், கற்றல் ஆகிய சோதனைகளில் பின்தங்கியிருந்தார்கள். 16 வாரங்கள் இரும்புச்சத்து எடுத்து உடல் நிலை தேறியவர்களின் சோதனைப் பெறுபேறுகளும் முன்னேறின.

கூட்டத்தில் தூங்கிவிழும் பெண்ணையும், வகுப்பில் பராக்குப் பார்க்கும் பிள்ளையையும் நாம் எத்தனை தடவை குறைகூறியிருக்கிறோம்! சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கு "மூளைக்கு நல்லது" என்று விளம்பரப்படுத்தும் போத்தலை வாங்கு முன்னர், அவளுடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளிறியிருந்தால் வைத்தியசாலையில் இரத்தத்தைச் சோதிக்கச் செய்யுங்கள். அதுவே அறிவுள்ள முதற்படி.

தேநீரும் இரும்பும்

உலகத்துக்கே தேயிலை கொடுக்கும் நாம் அறிய வேண்டிய கசப்பான உண்மை ஒன்று உண்டு. தேநீரின் துவர்ப்புப் பொருள் மரக்கறி உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். ரொட்டியிலும் சோற்றிலுமுள்ள இரும்பு தேநீரோடு சேர்ந்தபோது உடலிற் சேர்வது குறைந்தது.

இதற்காகத் தேநீரை விட்டுவிட வேண்டியதில்லை. சாப்பாட்டோடு குடிக்காமல், ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடித்தாற் போதும். குளிசையைத் தேநீரால் விழுங்குவதோ பெருந்தவறு. அது ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பதற்குச் சமம்.

தேநீர் தடுக்கும் வேலையை விற்றமின் சீ எதிர்மாறாகச் செய்யும். அது இரும்பை உடலிற் சேர்க்க உதவும். அதற்கும் போத்தல் தேவையில்லை. நமது மலைக்குக் கீழே பிபிலையில் பெயர்போன தோடம்பழம் விளைகிறது. 100 கிராம் தோடம்பழத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் விற்றமின் சீ உண்டு. வேலியோரத்துக் கொய்யாவிலோ அதே நிறைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. வளர்ந்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 90 மில்லிகிராம் போதும். ஆகவே, தம்பி போத்தலுக்குக் கொடுத்த காசை மரமே மிச்சப்படுத்தித் தரும்.

சைக்கிள் ஓடும் தம்பிக்கு

1. பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுங்கள். ஏற்றத்தை வெல்வதற்கு ஏற்றத்திலேயே பழக வேண்டும். கடும் பயிற்சி நாளுக்கு அடுத்த நாள் இலேசாக ஓடுங்கள். ஓய்வின்போதுதான் தசை பலமடைகிறது.

2. பயிற்சிக்கு முன் வயிறு கனக்காதபடி சோறு, ரொட்டி, அவித்த வற்றாளை போன்ற மாச்சத்து உணவு சாப்பிடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால், மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் உண்டு. சட்டைப்பையில் இரண்டு பழம் போதும்.

3. தண்ணீர் போத்தலைச் சைக்கிளில் கட்டிக்கொள்ளுங்கள். நெடுநேரம் வியர்த்தால் சிறிது உப்பும் சீனியும் தேசிக்காய்ச் சாறும் கலந்து குடிக்கலாம்.

4. ஓடிமுடித்த பின் பருப்பு, கடலை, கௌபி, முட்டை, மீன் ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதைச் சேர்த்துச் சாப்பிடுங்கள். இரவில் நன்றாகத் தூங்குங்கள்.

5. காரணமின்றிக் களைப்பு நீடித்தால் வைத்தியரிடம் போங்கள். சோதனையின்றி நீங்களாகவே இரும்புக் குளிசை எடுக்க வேண்டாம். ஆணின் உடலிலிருந்து இரும்பு எளிதில் வெளியேறாது. தலசீமியா போன்ற பரம்பரை நோயுள்ளவர்களுக்கு அது தீமையாகவும் முடியலாம்.

மலைக்குப் போகும் அக்காவுக்கு

1. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்பு போதும். மாதவிலக்கு வரும் வயதுப் பெண்ணுக்கு 18, கர்ப்பிணிக்கு 27 என்பது அமெரிக்க நிபுணர்களின் பரிந்துரை. ஆகவே, "எல்லோரும் ஒரே சாப்பாடுதானே சாப்பிடுகிறோம்" என்பது சரியான கணக்கல்ல.

2. மருத்துவ மாது கொடுத்த குளிசையை, அவர் சொன்ன காலம் முடியும்வரை எடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். குமட்டினால் நிறுத்திவிடாமல், இரவு படுக்கப்போகு முன்னரோ உணவுக்குப் பின்னரோ எடுத்துப் பாருங்கள். அப்போதும் முடியாவிட்டால் மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள். மாற்று வழி உண்டு.

3. தண்ணீரோடு அல்லது தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்குங்கள். கல்சியம் குளிசையும் தந்திருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள்.

4. குளிசைகளைச் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி வையுங்கள். இனிப்பு என்றெண்ணிப் பல குளிசைகளை ஒன்றாக விழுங்கும் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. அவ்வாறு நேர்ந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

5. நெத்தலி, கருவாடு, கீரை வகைகள், பயறு, கௌபி ஆகியவற்றை எலுமிச்சைப் புளி சேர்த்து உண்ணுங்கள். மீனும் இறைச்சியும் சிறிதளவானாலும் மற்ற உணவிலுள்ள இரும்பும் உடலிற் சேர உதவும்.

குளிசை மட்டும் போதுமா?

போதாது. குளிசை குழியை நிரப்பும். குழி ஏன் விழுந்தது என்று அது கேட்காது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

சீரான மலசலகூடம் இல்லாத இடத்தில் மண்ணில் கொக்கிப்புழு பெருகுகிறது. வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உட்சென்று, குடலில் இருந்துகொண்டு இரத்தம் குடிக்கிறது. அப்போது குளிசை ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். பூச்சி மருந்தும் மலசலகூடமும் செருப்பும் இரும்புக் குளிசையோடு சேர்ந்தே வர வேண்டும். அடுத்தடுத்த பிரசவங்களும் தாயின் இரும்புச் சேமிப்பை வற்றச் செய்கின்றன. மீனும் முட்டையும் வாங்கப் போதாத சம்பளமும் இரத்தச் சோகைக்கு ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

வீட்டுக்குள்ளும் ஒரு காரணம் இருக்கிறது. சட்டியில் இருக்கும் நாலு துண்டு கருவாட்டில் யாருக்கு எத்தனை? முதலில் வீட்டுக்காரருக்கு, பிறகு சைக்கிள் ஓடும் தம்பிக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுபவள் யார்? யாருக்கு இரும்பு அதிகம் தேவையோ அவள்தான். இந்த ஒழுங்கை மாற்றுவதற்கு அரசாங்கமும் வேண்டாம், கம்பனியும் வேண்டாம். இன்றிரவே மாற்றலாம்.

தம்பி நல்லவன். பந்தயத்தில் வென்றால் பரிசை வீட்டுக்குத்தான் கொண்டுவருவான். அவன் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அடுத்த போத்தலுக்கு வைத்திருக்கும் காசில் முட்டையும் நெத்தலியும் வாங்கி வரட்டும். பிஸ்கட் டின்னைத் திறந்து, "அக்கா, இன்றைக்குக் குளிசை எடுத்தீர்களா?" என்று இரவில் ஒரு தடவை கேட்கட்டும். வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர்க் குடத்தையும் அவனே தூக்கி வரட்டும். ஏற்றத்துக்கு அது நல்ல பயிற்சி.

குழுவாகச் சிந்திப்போம்

1. நமது தோட்டத்தில் கடந்த மூன்று மாதங்களில் சத்து மருந்துப் போத்தல்களுக்கு ஏறத்தாழ எவ்வளவு செலவாகியிருக்கும்? அக்காசில் வேறு என்ன உணவு வாங்கியிருக்கலாம்?

2. கிளினிக்கில் பெற்ற இரும்புக் குளிசைகளைப் பலர் இடையில் நிறுத்துவதேன்? அவர்களுடைய கஷ்டத்தை மருத்துவ மாதுவிடம் யார், எவ்வாறு எடுத்துச் சொல்லலாம்?

3. நம் வீட்டில் மீன், முட்டை, கீரை ஆகியவை எவ்வாறு பங்கிடப்படுகின்றன? கடைசியாகச் சாப்பிடுபவர் யார்?

4. நமது லயத்தில் எத்தனை குடும்பங்களுக்குச் சொந்த மலசலகூடம் உண்டு? இல்லாதவர்களுக்காக மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் சேர்ந்து எடுக்கக்கூடிய முதல் நடவடிக்கை எது?

5. அடுத்த புத்தாண்டு விளையாட்டு விழா நாளில், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் உதவியுடன் பெண்களுக்கு ஈமோகுளோபின் சோதனை ஒன்றை ஒழுங்கு செய்ய முடியுமா?